கயிற்றின் கடைசி ஆள்

எங்கள் அலுவலகத்தில் ஒவ்வொரு ஜனவரியிலும் விளையாட்டு விழா நடக்கும். செகந்திராபாத்தில் பாதுகாப்புத் துறையின் கணக்குகளைப் பார்க்கும் அலுவலகம் அது. வருஷம் முழுக்க நாற்காலியை விட்டு எழாத நாங்கள் அன்றைக்கு மட்டும் வெள்ளை ஷூ மாட்டிக்கொண்டு மைதானத்தில் இறங்குவோம். பெண்களுக்கான கயிறு இழுக்கும் போட்டியில் கோப்பை எப்போதும் எங்கள் சம்பளப் பிரிவுக்குத்தான். அதற்குக் காரணம் நான். கயிற்றின் நுனியை இடுப்பில் சுற்றிக்கொண்டு கடைசியில் நிற்பேன். குதிகாலை மண்ணில் ஊன்றிப் பின்னால் சாய்ந்தால் போதும். என்னை அசைப்பதற்குள் எதிரணிக்கு மூச்சு முட்டிவிடும்.

அணித் தலைவி என் பக்கத்து மேசைக்காரி. முஸ்லிம் பெண், என் வயதுதான். திருமுல்கேரியில் தமிழ்க் குடும்பங்களுக்கு நடுவில் வளர்ந்தவள் என்பதால் தமிழ் பேசுவாள். வேண்டாம் என்பதற்கு நக்கோவும் ஆமாம் என்பதற்கு ஹவ்வும் நடுநடுவே விழும். "நீ இருக்கற வரைக்கும் எனக்கு என்னா பயம்?" என்று என் தோளில் தட்டுவாள். எனக்கும் அதில் பெருமைதான். மற்ற இடங்களில் என் உடம்பைப் பார்த்துப் புருவத்தைத் தூக்குவார்கள். இங்கே கை தட்டினார்கள்.

அந்த உடம்பை வளர்த்துக் கொடுத்ததும் அலுவலகம்தான். பதினோரு மணிக்கு சமோசா, மூன்று மணிக்கு டீயுடன் உஸ்மானியா பிஸ்கட். யாருக்காவது பதவி உயர்வு வந்தால் பிரியாணி, வராவிட்டால் ஆறுதலுக்கு மிர்ச்சி பஜ்ஜி. கோப்பு வேண்டுமென்றால் நாற்காலியை உருட்டிக்கொண்டே அலமாரிக்குப் போய்விடுவேன். ஒரு மாடி ஏறவும் லிஃப்ட்டுக்குக் காத்திருப்பேன்.

ஒரு மே மாதம், நாத்தனார் மகன் கல்யாணத்துக்காக நானும் என் கணவரும் கோயம்புத்தூர் புறப்பட்டோம். ஆட்டோ வழியில் மாட்டிக்கொண்டதால் செகந்திராபாத் ஸ்டேஷனுக்குத் தாமதமாக வந்து சேர்ந்தோம். என் கணவர் இரண்டு பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு நடைமேம்பாலத்தில் விடுவிடுவென்று ஏறினார். நான் பாதிப் படியில் நின்றுவிட்டேன். நெஞ்சு அடித்துக்கொண்டது. கால்கள் என்னுடையவை போலவே இல்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது கீழே ரயில் நகர்ந்துகொண்டிருந்தது. நான் பின்னாலேயே வருகிறேன் என்று நினைத்து அவர் ஏறிவிட்டிருந்தார். வாசலில் நின்று அவர் கையை வீசி வீசி என்னைக் கூப்பிட, நான் பாலத்தின் மேலிருந்து கையை வீசி வீசிப் போகச் சொன்னேன். தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அழகான வழியனுப்பலாகத் தெரிந்திருக்கும்.

அவர் போகவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, பஸ் பிடித்து, சாயங்காலம் பெட்டிகளோடு வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"நீங்க ஏனுங்க எறங்குனீங்க? உங்க அக்கா என்ன நெனப்பாங்க?"

"நீ இல்லாம நான் மட்டும் போயி அங்க என்ன பண்றது? உடு. சாப்டியா?"

திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். சாப்பிட்டாயா என்று கேட்டதும் அழுகை வந்துவிட்டது. தேர்வுக்காக வீட்டிலேயே தங்கிவிட்ட, கல்லூரியில் படிக்கும் என் மகள் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "மம்மி, டாக்டர்கிட்ட போலாமா?" என்றாள். எங்களுக்கு எப்போதும் தெலுங்கிலோ இங்கிலீஷிலோ பதில் சொல்கிறவள், தமிழில் கேட்டாள். உடனே சரி என்றேன்.

டாக்டரம்மா எல்லாச் சோதனைகளும் செய்துவிட்டு, "இதயம் நல்லா இருக்கு. சர்க்கரை வாசல்ல வந்து நிக்குது. உள்ள விடறதும் விடாததும் உங்க கையில" என்றார்.

மறுநாளே நடக்கக் கிளம்பினேன். முதல் வாரம் தெருமுனைப் பால் பூத் வரைக்கும் போய், அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்து இளைப்பாறித் திரும்பினேன். கணவர் கூடவே வந்தார். வேகமாக நடக்கிறவர், எனக்காகச் செருப்பு வாரை அடிக்கடி குனிந்து சரிசெய்வதுபோலப் பாவனை செய்தார். மெல்லப் பூத்தைத் தாண்டினோம். பிறகு பூங்காவைத் தாண்டினோம். சனிக்கிழமைகளில் போவன்பள்ளி மார்க்கெட்டுக்குப் போய்க் கூடை கூடையாகக் காய் வாங்கினோம். சாதத்தின் இடத்தைப் பொரியல் பிடித்துக்கொண்டது. மகள் தட்டைப் பார்த்துவிட்டு, "இது லஞ்சா, தோட்டமா?" என்றாள்.

வீட்டில் இவ்வளவு சுலபமாக நடந்தது அலுவலகத்தில் நடக்கவில்லை. சமோசா வேண்டாம் என்று நான் சொன்ன அன்று பக்கத்து மேசைத் தோழி பேனாவைக் கீழே வைத்தாள்.

"கைக்கு? ஏன், ஒடம்பு சரி இல்லையா?"

"எடை குறைக்கறேன்."

"நக்கோ!" அவள் போட்ட சத்தத்தில் பிரிவு முழுதும் திரும்பியது. "ஜனவரி முடியட்டும். அப்பறம் நீ என்னா வேணா கொறை."

அடுத்த நாளிலிருந்து என் மேசைக்குச் சோதனைகள் வர ஆரம்பித்தன. சர்க்கரைப் பாகில் ஊறிய குபானி கா மீட்டா ஒரு நாள், அவள் அம்மா பாலும் சேமியாவும் போட்டுச் செய்த ஷீர் குர்மா இன்னொரு நாள். டப்பாவைத் திறந்து வாசனையை என் பக்கம் விசிறிவிட்டு, ஒன்றும் தெரியாதவள்போல் கணினியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இரண்டு முறை தோற்றேன். மூன்றாவது முறை கேட்டேவிட்டேன்: "உனக்கு நான் வேணுமா, என் எடை வேணுமா?"

அவள் முகம் சுருங்கிவிட்டது. பிறகு டப்பாவை மூடித் தன் பையில் வைத்துக்கொண்டு, "சரி, எடை போவட்டும். அதுக்குப் பதிலா பலம் குடு" என்றாள்.

அன்று மதியமே பயிற்சி தொடங்கியது. அலுவலகத்துக்குப் பின்னால் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் ஒரு வேப்பமரம் உண்டு. அதில் கயிற்றைக் கட்டி, சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் எட்டுப் பேரும் மரத்தோடு மல்லுக்கட்டினோம். மரம் அசையவில்லை, நாங்கள்தான் ஆடினோம். பிரிண்டர் காகிதப் பெட்டிகளை லிஃப்ட்டில் ஏற்றுவதை நிறுத்திவிட்டு, ஆளுக்கொன்றாகச் சுமந்து படியேறினோம். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவதை என் தோழி சட்டமாகவே ஆக்கிவிட்டாள். பிரிவு அதிகாரி ஒருமுறை உள்ளே நுழைந்தபோது எல்லோரும் ஒரே சமயத்தில் எழுந்தோம். தனக்கு இவ்வளவு மரியாதையா என்று அவர் திகைத்துப்போனார்.

ஜனவரியில் என் ரவிக்கைகள் எல்லாம் தளர்ந்திருந்தன. கடைசி இடத்துக்கு இப்போது வேறொருத்தி கிடைத்துவிட்டாள். என்னை நடுக்கோட்டுக்குப் பக்கத்தில், முதல் ஆளாக நிறுத்தினார்கள். அதுவரை ஆட்டத்தில் நான் பார்த்ததெல்லாம் முன்னால் நிற்பவளின் முதுகுதான். முதல்முறையாக எதிரணியின் முகங்களைப் பார்த்தேன். ஸ்டோர்ஸ் பிரிவின் முதல் ஆள் பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு இழுத்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதல் இழுப்பு போய்விட்டது.

"சிரிக்காத!" என்று பின்னாலிருந்து தலைவி கத்தினாள்.

இரண்டாவதில் உதட்டைக் கடித்துக்கொண்டேன், ஜெயித்தோம். மூன்றாவது வெகுநேரம் நீடித்தது. உள்ளங்கை எரிந்தது. தொடை நடுங்கியது. ஆனால் மூச்சு மட்டும் சீராக இருந்தது. அதைக் கவனித்த ஆச்சரியத்திலேயே கொஞ்சம் அசந்தேனோ என்னவோ, எட்டுப் பேரும் குவியலாகக் கோட்டைத் தாண்டி விழுந்தோம். கோப்பை ஸ்டோர்ஸுக்குப் போனது.

தோழி மண்ணில் உட்கார்ந்தபடி என்னை முறைத்தாள். அவள் முகமெல்லாம் வேர்வை, மூச்சு இரைத்தது. நான் எழுந்து கை கொடுத்து அவளைத் தூக்கிவிட்டேன். நிமிர்ந்து நின்றவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஒனக்கு மூச்சே வாங்கலையே!"

"இல்ல."

"நீ நல்லா இருக்கே. நான்தான் சாவறேன்" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் எங்கள் கேட்டில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. தோழி வந்திருந்தாள். தலையில் துப்பட்டா, காலில் தன் மகனுடைய கிரிக்கெட் ஷூ. அவளுக்கு அது தொளதொளவென்று பெரிது. என் கணவர் அன்று போர்வையை விட்டு வர மறுத்துவிட்டதால் நாங்கள் இருவர் மட்டும் கண்டோன்மென்ட் சாலையில் நடந்தோம். வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தவள் ஏற்றம் வந்ததும் பேச்சை நிறுத்தினாள்.

பின்னாலிருந்து தடதடவென்று சத்தம். பட்டாளத்துப் பையன்கள் வரிசையாக ஓடி வந்தார்கள். பக்கத்தில் ஒரு ஹவில்தார் "ஏக், தோ, ஏக், தோ" என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒதுங்கி வழிவிட்டோம். கடைசி வரிசை எங்களைத் தாண்டியதும் அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வா!"

"எங்க?"

"கேக்காத, ஓடு!"

ஓடினோம். அவள் ஷூ ஒன்று கழன்று சாலையில் உருண்டது. அதை எடுத்து அவள் கையில் திணித்தேன். அவள் ஒற்றைக் காலில் ஷூவுடன், "ஏக், தோ!" என்று ஹவில்தாரைவிட உரக்கக் கத்திக்கொண்டே, வளைவு வரைக்கும் அவர்கள் பின்னால் என்னோடு ஓடி வந்தாள்.