ஒரு தொட்டிக்கு ஆறு தெர்மாமீட்டர்

என் வீட்டுக் கூடத்தில் இருக்கும் மீன்தொட்டிக்குள் ஆறு தெர்மாமீட்டர்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மீன்கள் என்னவோ மூன்றுதான். வருகிறவர்கள் எண்ணிப் பார்த்துவிட்டு, மீனுக்கு என்ன காய்ச்சலா என்று கேட்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அதே கேள்வியைக் கேட்டவள்தான், அதுவும் தெருவுக்கே கேட்கிற மாதிரி. தொட்டி அண்ணனுடையது. அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அதில் ஒன்றைக்கூடக் கழற்ற எனக்கு மனசு வரவில்லை.

அண்ணன் பல்செட் செய்கிறவர். டாக்டர்கள் வாய் அச்சை எடுத்து அனுப்புவார்கள். இவர் பட்டறையில் குனிந்து உட்கார்ந்து மெழுகில் பல் பதித்து, வார்த்து, தேய்த்து மெருகேற்றிக் கொடுப்பார். எங்கள் பக்கத்தில் பாதிக் கிழங்கள் அவர் புண்ணியத்தில்தான் மென்றார்கள், சிரித்தார்கள். அடுத்தவர் வாய்க்கு அத்தனை பாடுபட்ட மனிதர் தன் வாயை மட்டும் திறக்கமாட்டார். கல்லுளிமங்கன் என்று அம்மாவே அவருக்குப் பட்டம் கொடுத்திருந்தாள்.

அவர் வாயைத் திறந்து பேசியது ஒரே ஒருத்தியிடம், அவருடைய மகளிடம். காலையில் சாப்பாட்டு மேஜையில் அப்பாவும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து பேப்பர் படிப்பார்கள். அவளுக்கு ஒரு கெட்ட பழக்கம். படிக்கப் படிக்க, பக்கத்தின் மேல் மூலையைக் கிழித்து விரல் நடுவில் உருட்டிக்கொண்டே இருப்பாள். பிறகு அண்ணன் கைக்கு வரும் பேப்பரில் ஒரு பக்கத்துக்கும் மூலை இருக்காது. "மூலையக் காணோமே, யாரு தின்னா?" என்பார். "எலிப்பா" என்பாள் அவள். தினமும் இதே கேள்வி, இதே பதில். அதனால் வீட்டில் அவளுக்குப் பெயரே எலி என்று ஆகிவிட்டது.

எலி வெளிநாட்டுக்குப் படிக்கப் போனபோது, அவள் வளர்த்த மீன்தொட்டியை அப்பா பொறுப்பில் விட்டுப் போனாள். அடுத்த வருஷம் அண்ணி நோயில் விழுந்தாள். "பரீட்சை முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்" என்றார் அண்ணன். நான் எவ்வளவோ சொன்னேன். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றார். பரீட்சை வியாழக்கிழமை முடிய இருந்தது. அண்ணி செவ்வாய்க்கிழமை போய்விட்டாள்.

எலி வந்தாள். பத்து நாள் இருந்தாள். அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கிளம்பும்போது வாசலில் நின்று, "அம்மா உங்களுக்கு மட்டும்தான் சொந்தமாப்பா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு நான்கு வருஷம் இருவருக்கும் பேச்சில்லை. என்னிடம் மாதம் ஒருமுறை பேசுவாள். அப்பா பேச்சை எடுத்தால் போனை வைத்துவிடுவாள். அவரும் அவளைப் பற்றி என்னிடம் வாயைத் திறந்து கேட்டதில்லை. இரண்டு பேரையும் உட்காரவைத்து ஆளுக்கு நாலு அறை விடலாமா என்று எனக்குத் தோன்றியிருக்கிறது.

அந்த நாட்களில்தான் பார்சல்கள் வர ஆரம்பித்தன. வீடு பகலில் பூட்டிக்கிடக்கும், பட்டறையில் ஒரு பொருள் கீழே விழுந்தால் அந்தத் தூசிக்குள் திரும்பக் கிடைக்காது என்று என் ஆபீஸ் விலாசத்தைக் கொடுத்திருந்தார். கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டித் தட்டி, கடல் தாண்டி இருக்கும் ஏதோ ஒரு கடையில் மீன்தொட்டிச் சாமான் வாங்குவார். ஆறு வாரம் கழித்து மூலை நசுங்கிய பெட்டி ஒன்று என் மேஜைக்கு வரும். தண்ணீரைச் சோதிக்கிற மருந்து, கண்ணாடி பாட்டிலில். அப்புறம் ஒரு தெர்மாமீட்டர். அப்புறம் இன்னொரு தெர்மாமீட்டர். ஆபீஸில் எனக்கு மீன் டாக்டர் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

"தெரு முனைக் கடையிலயே இதெல்லாம் தொங்குதேண்ணே, கண்ணு தெரியலையா?"

"அங்கத்துச் சரக்கு தரமா இருக்கும்" என்பார். பெட்டியை என் கையிலிருந்து வாங்கி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விடுவார்.

ஐந்தாவது தெர்மாமீட்டர் வந்த அன்று நானே பெட்டியைக் கொண்டுபோனேன். பல்லுக்கு மெழுகு செதுக்கும் சின்னக் கத்தியால் ஒட்டுநாடாவை அறுத்தார். உள்ளே காற்றடைத்த பிளாஸ்டிக் பைகள். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே போட்டார். தெர்மாமீட்டரைப் பார்க்காமலே ஓரமாக வைத்தார். பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினார்.

"பேப்பர் இல்ல" என்றார்.

"சாமான் உடையாம வந்துருக்குல்ல? அப்புறம் என்ன?"

அவர் எழுந்துபோய் அலமாரியைத் திறந்தார். அண்ணியின் துணிகள் இருந்த தட்டில் ஒரு கட்டு பழைய பேப்பர். பெட்டிக்குள் கசக்கித் திணித்து வந்த அந்நிய ஊர்ப் பேப்பரை ஒவ்வொரு தாளாக நீவி, இஸ்திரி போட்டு, மடித்து அடுக்கி வைத்திருந்தார். மேல் தாளில் ஊர்ப் பெயரைப் படித்தேன். மறுபடியும் படித்தேன். எலி இருக்கும் ஊர்.

"அவ ஊர்லயே ஒரு கடையத் தேடிப் புடிச்சேன்" என்றார். "கண்ணாடிச் சாமான் வாங்குனாத்தான் பேப்பர் நெறைய வைப்பான்."

அவர் தாள்களைப் புரட்டிக் காட்டினார். அந்த ஊர் நூலகம் எத்தனை மணிக்குத் திறக்கும், எந்தப் பாலத்தை ரிப்பேருக்காக மூடியிருக்கிறார்கள், எந்த பஸ் தடம் மாறியிருக்கிறது எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. "அவ தெரு ஒரு தடவ வந்துச்சு. குழாய் ஒடஞ்சு ரெண்டு நாளு தண்ணி இல்லையாம்." தேதியைப் பார்த்தேன். மார்ச் மாதம். பேப்பர் இவர் கைக்கு வந்தது மே மாதம். மே மாதம் உட்கார்ந்துகொண்டு மார்ச் மாதத் தண்ணீருக்குக் கவலைப்பட்ட மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

"ஒரு போன் போட்டா வாயிலேர்ந்து முத்தாண்ணே உதுந்துரும்?"

"போட்டா எடுப்பாளா?"

"எடுக்கலன்னா?"

"அதுக்குத்தான் போடல" என்றார்.

பழையபடி பேப்பரையே வைத்து அனுப்பும்படி கடைக்கு எழுதிக் கேட்டார். புதிய முறையில் உங்கள் பொருள் இன்னும் பத்திரமாக வரும் என்று அவர்கள் மரியாதையாகப் பதில் போட்டார்கள். அதோடு அவர் சாமான் வாங்குவதை நிறுத்திவிட்டார். சாயங்காலங்களில் தொட்டிக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருப்பார். அவர் அப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

நான் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிற ஜாதி இல்லை. எலிக்கு ஒரு மெயில் அனுப்பினேன். 'உங்கப்பா பேச்சைத்தான் எடுக்கப்போகிறேன், இது போன் இல்லை, வைத்துவிட முடியாது' என்று ஆரம்பித்து, இஸ்திரி போட்ட பேப்பர்வரை எல்லாவற்றையும் எழுதினேன். பதில் வரவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம். அந்த மாதம் அவள் என்னோடும் பேசவில்லை. இருந்த ஒரு நூலையும் நானே அறுத்துவிட்டேனே என்று சாப்பாடு இறங்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து என் மேஜைக்கு ஒரு பெட்டி வந்தது. அதே கடைப் பெட்டி, அதே முத்திரை; ஒட்டுநாடா மட்டும் மறுபடி ஒட்டினது மாதிரி இருந்தது.

"நான் ஒண்ணும் வாங்கலையே" என்றார் அண்ணன். சனிக்கிழமை சாயங்காலம். கத்தியால் அறுத்தார். மேலே ஒரு தெர்மாமீட்டர். அதற்குக் கீழே அடிவரைக்கும் பேப்பர், இத்தனூண்டு சாமானுக்கு ஒரு மாசத்துப் பேப்பர். அவர் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கினார்.

முதல் தாளை விரித்தார். மேல் மூலை இல்லை.

"கிழிஞ்சு வந்துருக்கு" என்றேன்.

இரண்டாவது தாளிலும் மூலை இல்லை. மூன்றாவதிலும் இல்லை. நான்காவது தாளின் கிழிந்த ஓரத்தில் கட்டைவிரலை வைத்து அப்படியே நின்றார்.

"எலி கடிச்சிருக்கு" என்றார்.

நான் நம்பரைத் தேடிக் கைப்பையைத் திறப்பதற்குள் அவர் போன் அருகில் போயிருந்தார். நம்பர் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். நான்கு வருஷமும் மனசுக்குள் சுழற்றிக்கொண்டே இருந்திருப்பார் போல. அங்கே காலை நேரம், பேப்பர் படிக்கிற நேரம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அந்தப் பக்கம் எடுத்ததும் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மூலையக் காணோமே, யாரு தின்னா?"

அவள் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. அண்ணன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். மேஜையில் தாள் கருகுகிற வாசனை வந்தது. நான் எழுந்துபோய் இஸ்திரிப் பெட்டியை அணைத்தேன்.