விரதத்தில் வைத்த எம்.ஏ.

நான் லத்தீனில் தோற்றதற்குக் காரணம் லத்தீன் அல்ல, பத்துமலை முருகனிடம் நான் வேண்டிக்கொண்ட லட்சணம்தான் என்பது என் அம்மாவின் தீர்ப்பு. கடைசிவரை அதை அவள் மாற்றிக்கொள்ளவில்லை.

முப்பதுகளின் தொடக்கம் அது. அப்பா ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். நான் தினமும் ரயிலேறிக் கிள்ளானுக்குப் போய் ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக்கொடுப்பேன். மிச்ச நேரத்தில் லண்டனிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்துக்குத் தபால் மூலம் பி.ஏ. படித்தேன். பாடம் கப்பலில் வரும், என் விடைகள் கப்பலில் போகும். அவை திருத்தப்பட்டுத் திரும்புவதற்குள் கேள்வியே எனக்கு மறந்திருக்கும். ஓரத்தில் சிவப்பு மையில் ‘இதற்கு ஆதாரம் என்ன?’ என்று கேட்டிருப்பார்கள். எனக்கு எப்படித் தெரியும்? நானே அப்போதுதான் அந்த விடையை முதல்முறையாகப் படிப்பதுபோல் படித்துக்கொண்டிருப்பேன்.

பி.ஏ.வுக்கு லத்தீனையும் சேர்த்து நான்கு பாடம். ஒன்றில் தோற்றாலும் நான்கையும் திரும்ப எழுத வேண்டும். ஆனால் என் மனசு பி.ஏ.வில் இல்லை. சோழநாட்டுக்கும் கடாரத்துக்கும் நடந்த வணிகத்தைப் பற்றி லண்டனுக்கே போய் ஆராய்ச்சி செய்து எம்.ஏ. வாங்க வேண்டும் என்ற வெறி எனக்கு. அங்கே ஒரு பேராசிரியருக்கு எழுதிக் கேட்டேன். ‘முதலில் பி.ஏ. முடித்துவிட்டு வாரும்’ என்று பதில் போட்டார். அதில் ‘வாரும்’ மட்டும்தான் என் கண்ணில் பட்டது. அன்றே ஆராய்ச்சிக் கட்டுரையை எழுத உட்கார்ந்துவிட்டேன். ரயிலில் லத்தீன் இலக்கணத்தைத்தான் திறப்பேன். பெட்டாலிங் ஸ்டேஷன் வருவதற்குள் அது மூடிக் கடாரம் திறந்திருக்கும்.

அந்த வருஷத் தைப்பூசத்தில் பத்துமலை ஏறியபோது, எம்.ஏ. கிடைத்தால் காவடி எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். எம்.ஏ. கொடுக்கிற சாமி அதற்குள் பி.ஏ.வையும் அடக்கித்தானே கொடுக்கும் என்பது என் கணக்கு.

பரீட்சை முடிவு வந்தது. லத்தீன் காலை வாரிவிட்டது. வீட்டில் அம்மா விசாரணை வைத்தாள்.

“முருகன்கிட்ட என்னடா கேட்ட?”

“எம்.ஏ. வேணும்னு கேட்டேன்.”

“பி.ஏ.?”

“அது கேக்கலம்மா.”

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். “அடப்பாவி! கேக்காததை அவரு எப்படிடா குடுப்பாரு? கையில எம்.ஏ.வை வச்சிக்கிட்டு, இவனுக்கு இன்னும் பி.ஏ.வே இல்லையேன்னு முழிச்சிக்கிட்டு நிக்கிறாரு!”

மறு வாரமே என்னை இழுத்துக்கொண்டு மலையேறினாள். சந்நிதியில் நின்று, பூசாரிக்கும் கேட்கும்படி, வேண்டுதலைத் திருத்தினாள். “முருகா, மொதல்ல பி.ஏ. அதுல லத்தீனைக் கொஞ்சம் பாத்துக்க. எம்.ஏ.வை நீயே நிறுத்தி வை. நான் வந்து சொன்னப்புறம் குடு. அதுவரைக்கும் இவன் எம்.ஏ.வைத் தொடமாட்டான், விரதம்!”

பூசாரி விபூதியை நீட்டியபடி, “லத்தீன்னா வயித்துவலியாம்மா?” என்று கேட்டார். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

விரதம் என்றால் என் அம்மாவுக்கு விரதம்தான். என் கட்டுரைக் கட்டை எடுத்துக்கொண்டு போய், கிருத்திகை நாட்களில் மீன் சட்டியை ஒதுக்கி வைக்கிற பின்கட்டுத் தட்டில் ஏற்றிவிட்டாள். சோழர் பேச்சை எடுத்தாலே, “அந்தக் கவுச்சியை வீட்டுக்குள்ள பேசாத” என்பாள். நான் பள்ளிக்கூடத்தில் திருட்டுத்தனமாகக் கடாரத்தைப் படித்துவிட்டு, கறி தின்றவன் வாயைத் துடைத்துக்கொண்டு வருவதுபோல வீட்டுக்கு வருவேன். வாசலிலேயே பிடித்துவிடுவாள்.

“இன்னிக்கு அதைத் தொட்டியா?”

“இல்லையே.”

“பொய் சொல்லாதடா. மூஞ்சி தெளிவா இருக்கே! லத்தீன் படிச்சா இப்படியா இருப்ப?”

வேறு வழியில்லாமல் லத்தீனையே படித்தேன். அடுத்த வருஷம் நான்கிலும் தேறினேன். லத்தீனில் மயிரிழையில்தான் தப்பித்தேன். அது முருகன் போட்ட மார்க் என்றாள் அம்மா.

பேராசிரியர் இந்த முறை உண்மையாகவே வரச் சொல்லிவிட்டார். கப்பலில் இடமும் பிடித்தாகிவிட்டது. மிச்சமிருந்தது ஒன்றுதான்: நிறுத்தி வைத்த எம்.ஏ.வை அம்மா போய் விடுவிக்க வேண்டும். சொன்னவள்தான் போக வேண்டும் என்பதும் அவள் வைத்த சட்டமே. ஒரு வெள்ளிக்கிழமை கால்வலி என்றாள். அடுத்த வெள்ளி மழை. அதற்கடுத்த வாரம், பாசாரில் நல்ல காய் வரும் நாள் என்றாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“நீ வராட்டியும் நான் போகத்தான் போறேன்!” என்று கத்திவிட்டேன். அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அப்பா என்னைப் பின்பக்கம் கூப்பிட்டார். “ஏன்டா அவகிட்ட கத்துற? அவளுக்குக் காலு நல்லாத்தான் இருக்கு. அவ மலை ஏறிட்டா நீ கப்பல் ஏறிருவல்ல?”

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை படித்தவனுக்கு அது தோன்றவில்லை. அதன்பின் நான் பத்துமலைப் பேச்சையே எடுக்கவில்லை. போகிற நாள் நெருங்கிக்கொண்டே இருந்தது.

ஒருநாள் காலையில் அவளே தலைக்குக் குளித்துவிட்டு வந்து என்னை எழுப்பினாள். ரயிலேறிப் பத்துமலைக்குப் போனோம். சந்நிதியில் வெகுநேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். இந்த முறை அவள் வாய் முணுமுணுத்தது யாருக்கும் கேட்கவில்லை.

இறங்கும்போது கேட்டேன். “சொல்லிட்டியாம்மா?”

“சொல்லிட்டேன். இவனுக்கு எம்.ஏ.வைக் குடுத்துருன்னு சொல்லிட்டேன்.” நாலைந்து படி இறங்கிய பிறகு, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். “அதுக்கு மேல டாக்டர் பட்டம்னு ஒண்ணு இருக்காமே, அப்பா சொன்னாரு. அதை மட்டும் இவன் கண்ணுல காட்டிராதேன்னும் சொல்லியிருக்கேன்.”

அந்தப் பட்டத்தைப் பற்றி அப்பாவிடம் ஆசை ஆசையாகச் சொல்லி வைத்திருந்ததே நான்தான்.