நான் எழுதிய நன்றிக் கடிதம்

என் அக்கா வெளியூர் அழைப்புகளை இணைத்துக் கொடுக்கும் டிரங்க் டெலிபோன் ஆபரேட்டர். எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் மயிலாப்பூர் வீடு அவள் சம்பளத்தில்தான் ஓடியது. அப்பா ஓய்வு பெற்றிருந்தார். நான் ஒரு அரசு அலுவலகத்தில் இன்னும் நிரந்தரமாகாத குமாஸ்தா. அக்காவுக்குக் கடைவாய்ப் பல் ஒன்று குறுக்காக முளைத்துப் பாடாய்ப் படுத்தியது. தி. நகரில் பல் டாக்டராக இருந்த அப்பாவின் பள்ளித் தோழர் ஒரு மணி நேரம் போராடி அதைப் பிடுங்கினார். பீஸ் வாங்கிக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாளும் அக்காவின் கீழுதடு ஒரு பக்கம் மரத்தே கிடந்தது. ஊசியின் வேலை, ஒரு வாரத்தில் போய்விடும் என்றார் டாக்டர். அன்று மாலை அப்பா என்னைக் கூப்பிட்டார்.

“காசே தொடலைடா மனுஷன். உன் இங்கிலீஷ்ல நன்னா ஒரு லெட்டர் எழுதிக் குடு.”

என் ஆங்கிலத்தின் மேல் எனக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. உங்கள் பொற்கரங்களால் என் சகோதரி பூரண குணமடைந்துவிட்டாள், துளி உபத்திரவமும் இல்லை, உங்கள் புகழையே பாடிக்கொண்டிருக்கிறாள் என்று இரண்டு பக்கம் அளந்தேன். அக்கா அடுத்த அறையில்தான் இருந்தாள். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உதடு சரியாகவே இல்லை. மாதங்கள் போயின. சாப்பிடும்போது உதட்டைக் கடித்துக்கொள்வாள்; ரத்தம் வந்தாலும் அவளுக்குத் தெரியாது. அவள் ‘பம்பாய்’ என்றால் எதிர்முனையில் “என்ன? என்ன?” என்று கத்தினார்கள். கடைசியில் அவளைப் பழைய பதிவேடுகள் அடுக்கும் அறைக்கு மாற்றிவிட்டார்கள். வேறொரு பல் டாக்டர் பார்த்துவிட்டு, நரம்பு அறுபட்டிருக்கிறது, முதலிலேயே எக்ஸ்ரே எடுத்திருக்க வேண்டும் என்றார். நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டே தீருவேன் என்று அக்கா ஒற்றைக்காலில் நின்றாள். “சிநேகிதனாச்சேம்மா” என்று அப்பா இழுத்தது எடுபடவில்லை.

மாட வீதி வக்கீல் ஒருவர் நோட்டீஸ் அனுப்பினார். வந்த பதிலோடு என் கடிதத்தின் நகலும் இருந்தது.

“யாரு எழுதினது இது?” என்றார் வக்கீல்.

“நான்தான் சார்.”

“அவளைக் கேட்டு எழுதினியா?”

“இல்லை சார்.”

“அதையே பிரமாணப் பத்திரமாப் போட்டுக் கையெழுத்துப் போடு. அன்னிக்கே மரத்திருந்துது, தெரிஞ்சும் அப்படி எழுதிட்டேன்னு. கோர்ட்டுல கூண்டிலே ஏறியும் சொல்லணும். அது இல்லாம நான் இந்தக் கேஸை எடுத்துண்டு போக முடியாது. வழக்குப் போடற கெடு முடிய இன்னும் ரெண்டு மாசந்தான் இருக்கு.”

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அக்கா என் கையால் கெட்டாள்.

ஒரு கையெழுத்து, போட்டிருக்கலாம். பயந்தேன். எதிர்த்தரப்பு வக்கீல் என் கடிதத்தை உரக்கப் படித்து “இதெல்லாம் பொய்யா?” என்று கேட்பதை நினைத்தாலே வியர்த்தது. பொய் எழுதினேன் என்று கோர்ட்டில் ஒப்புக்கொண்டவனை எந்த அலுவலகம் நிரந்தரமாக்கும்? அடுத்த வாரம் என்றேன். ஆடிட் முடியட்டும் என்றேன். மழை விடட்டும் என்றேன். அக்கா இரண்டு தடவை கேட்டாள். அப்புறம் கேட்கவில்லை. கெடு முடிந்தது.

மறு மாதம் வேலை நிரந்தரமான உத்தரவு வந்தது. வெட்கமில்லாமல் அதை அக்காவிடம்தான் முதலில் நீட்டினேன். முழுவதும் படித்துவிட்டு மடித்துக் கொடுத்தாள். அவள் ஏதாவது திட்டினால் தேவலை என்றிருந்தது எனக்கு.

“கோர்ட்டுக்குப் போயிருந்தாலும் தோத்துத்தான் போயிருப்போம்க்கா” என்றேன்.

“தோத்துப் போயிருக்கலாம்” என்றாள். “எனக்கு இப்படி ஆச்சுன்னு சொல்ல ஆத்துலேர்ந்து ஒருத்தன் வந்தான்னாவது இருந்திருக்கும்டா.”