வரைபடத்தில் ஒரு மேடு

எலைஜா அவசரக்காரர். சிங்கப்பூரின் செங்காங்கில் ரயில் ஏறினால் இடம் இருந்தாலும் உட்கார மாட்டார். பார்த்த வேலையோ அவசரத்துக்கு ஆகாத வானியல் ஆய்வு. விண்மீன் திரள்கள் வானத்தில் சீராகப் பரவியிருப்பதில்லை. கூட்டம் கூட்டமாக நிற்கின்றன. அவற்றின் ஒளி எவ்வளவு சிவந்திருக்கிறது என்று பார்த்துத் தூரத்தைக் கணிப்பார்கள். பிறகு அதே வானத்தில் கணினி இஷ்டத்துக்குத் தூவிய போலிப் புள்ளிகளோடு ஒப்பிட்டு, எந்தத் தூரத்தில் எவ்வளவு கூட்டம் என்று வரைபடம் போட வேண்டும்.

இரண்டு வருட உழைப்பில் எலைஜாவின் வரைபடத்தில் யாரும் எதிர்பாராத ஒரு மேடு எழும்பியிருந்தது. புதுக் கண்டுபிடிப்பு என்று மனைவி பெதானியிடம் சொன்னார். அவள் வழியாகச் சர்ச்சில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிட்டது. ஆய்வுக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. வரைபடத்திலிருந்து கணக்கிடும் இறுதி விடையை யாரும் பார்க்காதபடி கணினியில் பூட்டி வைத்திருப்பார்கள். முறை சரி என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட பிறகே திறப்பார்கள். திறந்த பின் ஓர் எண்ணைக்கூட மாற்றக் கூடாது. திங்கட்கிழமையே திறக்க வேண்டும் என்று எல்லோர் உயிரையும் எடுத்தவர் எலைஜாதான்.

ஞாயிறு ஆராதனை முடிந்து இருவரும் லிட்டில் இந்தியா போனார்கள். திடலில் கட்டுமான வேலைக்கு வந்த தம்பிகள் ஊர் ஊராகக் கூடி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மட்டும் வெற்றிடம்.

"அங்க ஏங்க ஒருத்தரும் இல்ல?" என்றாள் பெதானி.

"வேலி போட்டிருக்கு பாரு. உள்ள போகவே முடியாது, அப்புறம் எப்படி ஆள் இருக்கும்?"

சொல்லி வாய் மூடவில்லை, எலைஜாவுக்குத் தன் வரைபடம் நினைவுக்கு வந்தது. பிரகாசமான நட்சத்திரங்கள் மறைக்கும் இடங்களைப் போன மாதம் திரள்களின் பட்டியலிலிருந்து வெட்டியிருந்தார். போலிப் புள்ளிகளின் பட்டியலில் வெட்ட மறந்துவிட்டார். வெட்டிய இடத்தை வெறுமை என்று நம்பிய கணினி, மிச்சத்தைப் பெருங்கூட்டம் என்று காட்டியிருக்கிறது. அந்த மேடு முழுப் பொய்.

திங்கட்கிழமை கூட்டத்தில் பேசாமல் இருந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. மேட்டை விட மனசே இல்லை.

"மேடம், திறக்க வேணாம். தப்பு என்னோடது" என்று எழுந்து எல்லாவற்றையும் சொன்னார்.

குழுத் தலைவர் உமாமகேஸ்வரி பெருமூச்சு விட்டார். "இப்பவே சொன்னீங்க, நல்லதாப் போச்சு. திறந்த பிறகு மாத்தினா, விடையப் பாத்துட்டு மாத்துறீங்கன்னுதான் சொல்வாங்க. யாரு நம்புவா லா?"

போலிப் புள்ளிகளிலும் அதே இடங்களை வெட்டிக் கணக்கை மறுபடி ஓட்டினார். வியாழக்கிழமை மேடு இருந்த இடம் தரைமட்டமாகக் கிடந்தது. எலைஜாவுக்கு அழுகை முட்டியது, சிரித்து மழுப்பினார். உமாமகேஸ்வரி தன் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"உட்காருங்க. நீங்களே திறங்க."

"என் பட்டியல இன்னொருத்தர் சரிபாக்க வேணாமா மேடம்?"

"நான் பாத்துட்டேன். மத்தவங்க பட்டியலை இனிமே நீங்கதான் பாக்கப் போறீங்க" என்றார் அவர்.