கடலுக்கு சர்வே எண் இல்லை

முன்கூட்டி விடுதலை பெற்ற ஆயுள் கைதி, கண்காணிப்புக் காலம் முடியும்வரை மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் விடுதலை ரத்தாகும். விடுதலை ஆணையின் நான்காம் நிபந்தனை இது. இதில் ஐயம் எழுந்தால் நன்னடத்தை அலுவலர் மேலிடத்தில் தெளிவுரை கேட்க வேண்டும்; மேலிடம் முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். நான் கேட்டேன். விதியில் என் பங்கு அதோடு முடிந்தது.

ராமநாதபுரத்தில் என் மேற்பார்வையில் இருந்தவர்களில் சிலருடைய கோப்புகளின் மேல் சிவப்பு மையில் 'உயர் அபாயம்' என்று எழுதியிருக்கும். அவர்களில் ஒருவன் ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்து விவசாயி. அவன் உலகம் கண்மாய்க்கரையில் தொடங்கி மடையில் முடிந்தது. மாவட்டத்தைத் தாண்ட வேண்டுமென்றால் நான்தான் அவனை பஸ் ஏற்றிவிட வேண்டியிருக்கும். இன்னொருவன், கடலோர அக்காள்மடத்துக்காரன், வேறு மாதிரி. மீனவன். வலையை அறுத்துவிட்டான் என்று இரண்டு தெரு தள்ளி இருந்தவனைத் துடுப்பால் அடித்தான், அடிபட்டவன் எழுந்திருக்கவில்லை. பதினான்கு வருடம் உள்ளே இருந்துவிட்டு, நரைத்த தலையோடு, கையெழுத்துப் போட என் முன்னால் வந்து நின்றான்.

ஆள் மறுபடி குற்றம் செய்வானா என்று கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு படிவம் கொடுத்திருந்தார்கள். தவறான நட்பு உண்டா என்று கேட்டேன். "மச்சினன் இருக்கான் சார்" என்றான். ஓய்வு நேரத்தை எப்படிக் கழிக்கிறாய் என்றேன். "பதினாலு வருசமும் ஓய்வுதான சார்" என்றான். இரண்டு பதிலுக்கும் படிவத்தில் கட்டம் இல்லை.

எழுந்து போகும்போது, மச்சினனின் வள்ளத்தில் கடலுக்குப் போகலாமா என்று கேட்டான்.

புத்தியுள்ள அதிகாரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு "பார்த்துப் போ" என்றிருப்பார். எனக்கோ விதிகள் தெரியும். சுவரில் இருந்த மாவட்ட வரைபடத்தைப் பார்த்தேன். நிலம் இளஞ்சிவப்பு, கரையோடு அது முடிந்துவிட்டது. அதற்கப்புறம் வெறும் நீலம். கடலில் நாட்டின் எல்லை எங்கே இருக்கிறது, தாண்டினால் யார் பிடிப்பார்கள் என்பதெல்லாம் அக்காள்மடத்தில் எல்லோருக்கும் தெரியும். மாவட்டத்தின் எல்லை கடலில் எங்கே முடிகிறது என்பது ஒருவருக்கும் தெரியாது. உடனே தெளிவுரை கேட்டு எழுதினேன். பதில் வரும்வரை கடலுக்குப் போகாதே என்று அவனிடம் சொன்னேன்.

கடிதத்தைத் தட்டச்சு செய்த உதவியாளர் அம்மா, அனுபவசாலி. "எதுக்கு சார் கேக்குறீங்க? கேட்டா ஏதாவது சொல்லிருவாங்களே" என்றார். அன்றைக்கு அது எனக்குப் பொறுப்பின்மையாகத் தோன்றியது. கேட்காமல் இருந்திருந்தால் அவன் மறுநாளே கடலில் இருந்திருப்பான். அவனைக் கரையில் கட்டிப்போட்டது எந்தச் சட்டமும் இல்லை, என் கடிதம்.

கரைவலை இழுக்க மட்டும் அனுமதித்தேன். வலை கடலில் கிடக்கும், கயிறு பிடிக்கிறவன் மணலில் நிற்பான், இரண்டு காலும் மாவட்டத்துக்குள் இருக்கும். ஆனால் கரைவலை தினமும் கிடையாது. வீட்டு விசாரணைக்குப் போனபோது அவன் மனைவி என்னிடம் நேராகவே சொன்னார்: "சார், ஜெயில்ல இருக்கையில மாசத்துக்கு ஒருக்கா பாத்தேன், பாசமா இருந்துச்சு. இப்ப விடிஞ்சதுலருந்து அடையுற வரைக்கும் எதுக்க உக்காந்திருக்காக. எதாச்சும் பாத்துச் செய்யுங்க."

கடிதம் ஊர் சுற்றியது. மேலிடம் அதை நில அளவைக்கு அனுப்பியது. கடலுக்கு சர்வே எண் இல்லை என்று திரும்பி வந்தது. மீன்வளத்துக்குப் போனது; படகு தங்கள் பொருள், ஆளின் நடத்தை தங்கள் பொருள் அல்ல என்றார்கள். கடலோரக் காவலுக்குப் போனது. ஆளின் புகைப்படம் மூன்று பிரதி கேட்டார்கள். அனுப்பினோம். மேலும் மூன்று கேட்டார்கள். மாதாமாதம் அவன் கையெழுத்துப் போட்டுவிட்டு, "பதில் வந்துச்சா சார்?" என்பான். நான் மாதாமாதம் நினைவூட்டு அனுப்பினேன்.

தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசிய ஒரு மாதத்தில், கையெழுத்து நாளுக்கு மூன்று நாள் முன்பே வந்துவிட்டான். உட்காரவில்லை.

"சார், நான் தாண்டிட்டேன்."

"எதை?"

"தெரியல சார். அதத்தான நீங்க எழுதிக் கேட்டுருக்கீக?"

நடந்தது இதுதான். வடகடலில் மச்சினனின் எஞ்சின் நின்றுவிட்டது. காற்று வள்ளத்தை வெளியே தள்ளிக்கொண்டு போயிருக்கிறது. மற்றவர்களெல்லாம் தொழிலுக்குப் போயிருக்க, கரையில் வள்ளம் ஓட்டத் தெரிந்தவன் இவன் ஒருவன்தான். ஒரு வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போய், மச்சினனைக் கட்டி இழுத்து வந்திருக்கிறான். எத்தனை கிலோமீட்டர் போனாய் என்று கேட்டேன். அதெல்லாம் தெரியாது, நாலு பாகம் தண்ணி இருக்கும் என்றான். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். அவர்கள் கடலை ஆழத்தில் அளக்கிறவர்கள். எங்கள் படிவத்தில் தூரத்துக்குத்தான் இடம்.

"தவறான நட்புன்னு நீதான சொன்னே" என்றேன்.

"மச்சினன்னாலும் மனுசன்தான சார்."

அதற்குள் இரண்டு தெரு தள்ளி, செத்தவன் வீட்டுப் பக்கமிருந்து ஒரு மொட்டைக் கடிதாசி மேலிடத்துக்குப் போய், என் மேசைக்கு வந்துவிட்டது. ஏழு நாளில் அறிக்கை வேண்டுமாம். நிபந்தனையை மீறினான் என்று நான் ஒரு வரி எழுதினால் அவன் மறுபடி மதுரை மத்தியச் சிறைக்குப் போவான். இந்த முறை யாரும் முன்கூட்டி விடமாட்டார்கள்.

பழைய கோப்பை எடுத்துவரச் சொல்லி என் கடிதத்தை நானே படித்தேன். பிறகு அறிக்கை எழுதினேன். மாவட்ட எல்லை கடலில் எங்கே உள்ளது என்ற வினா மேலிடத்தில் நிலுவையில் உள்ளது. அது தெளிவாகாத நிலையில் எல்லை மீறப்பட்டதா எனத் தீர்மானிக்க இயலவில்லை. மேலிடத்துக்கு மேலிடத்தின் தாமதத்தையே சாட்சியாக அனுப்பினேன். மொட்டைக் கடிதாசியை முடித்துவைத்தார்கள்.

அடுத்த கையெழுத்து நாளில் அவனுக்கு நிலைமையை விளக்கினேன். கடலுக்குப் போ என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. எல்லை எங்கே என்று தெரியாதபோது போகாதே என்று சொல்லவும் அதிகாரம் இல்லை. மெதுவாக, இரண்டு தடவை சொன்னேன். மறுநாள் கடலுக்குப் போய்விட்டான்.

அதன் பிறகு எல்லாம் தலைகீழானது. மாதாமாதம் கையெழுத்துப் போட்டுவிட்டு, "பதில் வந்துறலயே சார்?" என்று கேட்டான். பணிக்காலம் முழுவதும் ஒரு நினைவூட்டைக்கூடத் தவறவிடாத நான், இதை மட்டும் மாதம் தவறாமல் மறந்தேன். உதவியாளர் அம்மா கோப்பை அடுக்கின் அடியில் வைத்தார்.

எனக்கு ஓய்வு வயது வந்தது. பொறுப்பேற்க வந்தவர் என்னைப் போலவே படித்தவர், கெட்டிக்காரர். கடைசி நாள் காலையில் கோப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தவர் இதில் நின்றார். "தெளிவுரை நிலுவைன்னா, வர்ற வரைக்கும் அனுமதிக்கக் கூடாதுல்ல சார்?" என்றார். சரியான கேள்வி. முதல் நாள் நானும் அதைத்தான் செய்தேன். அவன் கண்காணிப்பில் இன்னும் ஒன்றரை வருடம் பாக்கி. அவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் அவன் வீட்டில் போய் மனைவிக்கு எதிரே உட்கார வேண்டியதுதான்.

பிற்பகலில், பூமாலையும் மிக்சர் தட்டும் வந்துகொண்டிருந்தபோது தபாலும் வந்தது. அம்மா உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, புதியவரைத் தாண்டி வந்து என்னிடம் கொடுத்தார். ஒரே வாக்கியம். இப்பொருளில் விதிகளுக்கு உட்பட்டு நன்னடத்தை அலுவலர் தம் அளவிலேயே முடிவெடுத்துக்கொள்ளலாம்.

கோப்பை வாங்கி எழுதினேன்: 'வள்ளம் புறப்படும் கரையும் திரும்பும் கரையும் இம்மாவட்டத்தில் இருப்பதால், இடையில் உள்ள கடலும் இம்மாவட்டமே. தொழிலுக்குச் செல்ல அனுமதிக்கப்படுகிறது.' கையெழுத்திட்டு முத்திரை வைத்தேன். புதியவர், ஓய்வு பெறும் நாளில் இப்படி ஆணை போடலாமா என்று என் ஓய்வு ஆணையை எடுத்துப் பார்த்தார். மே முப்பத்தொன்று பிற்பகல் முதல் ஓய்வு என்று அதில் இருந்தது. பிறகு தபால் பதிவேட்டைக் கேட்டார். பதில் வந்த தேதியை அம்மா தன் அழகான கையெழுத்தில் ஏற்கெனவே பதிந்திருந்தார்: மே முப்பத்தொன்று, முற்பகல்.