எடைக் கொட்டகையில் சொல்லும் சேதி

அம்மாவின் பெயர் தெரசம்மாள். சேலத்துக்கு மேலே மலையில், கொட்டச்சேட்டுக்குப் போகும் சாலையில் உள்ள ஒரு சிறிய மிஷன் தொடக்கப் பள்ளியில் இருபத்தேழு வருடம் ஆசிரியை. மூன்றாம் வகுப்பு. போன டிசம்பரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சேலத்தில் ஒரு மருத்துவமனையில் இறந்துபோனாள். வயது ஐம்பத்தெட்டு. நான் ஒரே மகள், ஈவ்லின். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் கண்ட்ரோல் பேனல் பொறியாளர். இயந்திரம் கெட்டால் எந்த எச்சரிக்கை எந்த ஆளுக்குப் போக வேண்டும் என்று அமைப்பது என் வேலை.

காபிப் பழம் பறிக்கும் மாதங்களில் எஸ்டேட் கொட்டகையில் நாலரை மணிக்கு எடை போடுவார்கள். பள்ளி நாலு மணிக்கு முடியும். அம்மா வகுப்பைப் பூட்டிவிட்டு நேராக அங்கே போவாள். பறித்த பெண்கள் சாக்கோடு வரிசையில் நிற்பார்கள். வரிசை நகரும் நேரத்தில் ஒவ்வொரு தாயிடமும் அவள் பிள்ளையைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்வாள். மற்ற மாதங்களில் மினி பஸ் நிற்கும் இடத்தில் இதே வேலை. சின்ன வயதில் நானும் அவளுடன் போய் நின்றிருக்கிறேன்.

"ஏனுங்க டீச்சர், எம்பையன் சின்னராஜு எத்தன கிலோ தேறுவான்?" என்று கேட்பாள் மருதாயி, சாக்கைத் தராசில் ஏற்றிக்கொண்டே.

"கல்லு மண்ணு போவ அரக் கிலோ" என்பாள் அம்மா. "ஆனா இன்னிக்கு ஒருத்தரையும் கடிக்கல."

"அப்ப ஒரு கிலோன்னே எழுதுங்க ரைட்டரே."

எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் ஆண்டனி ராஜ் தலை நிமிராமல், "எங்கணக்குல கடிக்கறதுக்கெல்லாம் எடமில்ல" என்பார்.

இதில் அம்மாவுக்கு ஒரு விதி உண்டு. வரிசையில் நல்லதை மட்டுமே சொல்வாள். ஒரு பிள்ளையிடம் அன்று நல்லது எதுவும் கிடைக்காவிட்டால், வரிசையாக நின்றான், நகம் வெட்டியிருந்தான் என்று எதையாவது தேடிப் பிடிப்பாள். பிள்ளைக்கு உடம்புக்கு ஆகவில்லை, அழுகிறது, அடி வாங்கிய தடம் இருக்கிறது என்பதையெல்லாம் வரிசையில் சொல்ல மாட்டாள். "சாயங்காலம் ஊட்டுக்கு வர்றேன் கண்ணு" என்பாள், அவ்வளவுதான். பிறகு மேடேறிப் போய் அவர்கள் வாசலில் சொல்லிவிட்டு வருவாள். ஊட்டுக்கு வர்றேன் என்றால் என்ன அர்த்தம் என்று வரிசையில் எல்லோருக்கும் தெரியும். யாரும் மேலே கேட்க மாட்டார்கள்.

போன அக்டோபரில் அம்மாவுக்கு இதய ரத்தக் குழாயில் அடைப்பு என்று கண்டுபிடித்தார்கள். மருந்து கொடுத்தார்கள். மேடு ஏறக் கூடாது என்றார்கள்.

நான் தீர்வு கண்டேன். புதிய போன் வாங்கினேன். முப்பத்துநான்கு குடும்பங்களையும் ஒரு வாட்ஸப் குழுவில் சேர்த்தேன். நல்லதைக் குழுவில் பேசி அனுப்பு, மற்றதை அந்தந்தத் தாய்க்குத் தனியாகப் பேசி அனுப்பு, உன் விதியும் உடையாது, காலும் நோகாது என்றேன். அம்மாவுக்குக் கண்ணில் புரை விழுந்திருந்தது. சின்ன எழுத்து தெரியாது. அதனால் குழுவைத் திரையின் உச்சியிலேயே நிற்கும்படி பொருத்தி வைத்தேன். யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் பெயர் மேலே வரும் என்றும் சொல்லிக்கொடுத்தேன். இரண்டும் தனித்தனியே சரி. இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நான் சோதித்துப் பார்க்கவில்லை. தொழிற்சாலையில் இப்படிச் செய்திருந்தால் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன்.

நவம்பர் கடைசியில் ஒரு நாள் மாலை, அம்மா அத்தாயிக்குப் பேசி அனுப்பினாள். அத்தாயி எஸ்டேட்டில் பழம் பறிப்பவள். வீடு சாலையிலிருந்து ஒரு மணி நேர ஏற்றம். மகள் சிவசக்தி அம்மாவின் வகுப்பு. அன்று காலை அத்தாயி ஏதோ கேட்டு அனுப்பியிருந்தாள். ஆகவே அவள் பெயர்தான் மேலே இருக்கும் என்று நம்பி, உச்சியில் இருந்ததை அழுத்தி அம்மா பேசினாள். அந்தப் பதிவு என்னிடம் இல்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெரியும்.

"அத்தாயி, டீச்சரு பேசறன். சக்தி மூணு நாளா மத்தியானம் சாப்புடறதில்ல. தட்ட வெச்சுக்கிட்டுச் சும்மா உக்காந்திருக்குது. கேட்டா, அப்பா குடிச்சுப்போட்டு வந்து சோத்துச் சட்டியத் தூக்கி அடிச்சாரு, அம்மா அன்னிக்கெல்லாம் சாப்புடல, எனக்கும் வேண்டாங்குது. நீ மனசு வருத்தப்படாத கண்ணு. ஒரு நாளு வந்து பேசு."

முப்பத்துநான்கு போனுக்கும் போனது.

முதலில் கவனித்தது மருதாயி. "டீச்சர், இது எங்களுக்கு இல்லீங்க போல" என்று குழுவிலேயே பேசினாள். அம்மா நாலு ஐம்பதுக்கு என்னைக் கூப்பிட்டாள். நான் உற்பத்திப் பகுதியில் இருந்தேன். போன் லாக்கரில். ஆறு பத்துக்குத்தான் திருப்பிக் கூப்பிட்டேன். எப்படி அழிப்பது என்று சொன்னேன். அழித்தாள். அதற்குள் இருபத்தாறு பேர் கேட்டிருந்தார்கள்.

சிவசக்தியின் அப்பா வெள்ளையன் அதை டீக்கடையில் அடுத்தவன் போனில் கேட்டான். "ஏப்பா வெள்ளையா, சட்டி இப்ப என்ன வெல விக்குது?" என்று எவனோ கேட்டிருக்கிறான். மறுநாள் சக்தி பள்ளிக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

மூன்றாம் நாள் அம்மா மேடேறினாள். வெள்ளையன் வாசலிலேயே நின்று பேசினானாம். "எங்கூட்டுச் சட்டி ஒடஞ்சது மாரமங்கலம் வரைக்கும் தெரிஞ்சுபோச்சுங்க டீச்சர். இனி எம்புள்ள அங்க வந்து படிச்சு என்ன ஆவோணும்?"

இதை அன்று போனில் அம்மாவே சொன்னாள். நான் கத்தினேன்.

"யாரும்மா உன்ன ஏறச் சொன்னது? போன்ல பேச வேண்டியதுதான?"

"போன்ல பேசித்தான் இத்தனையும் ஆச்சு" என்றாள். பிறகு, "அரையாண்டுப் பரிச்சைக்குள்ள அவ வந்துரோணும் ஈவ்லி. இப்ப வல்லீன்னா அப்பறம் வர மாட்டா" என்றாள்.

அடுத்த வாரம் கொட்டகை வரிசையில் எல்லோர் முன்னாலும் நின்று சொன்னாளாம். "ஒருத்தரு ஊட்டுச் சங்கதிய நான் எல்லாருக்கும் கேக்கற மாதிரி பேசிப்போட்டேன். தப்பு எம்மேல. அதக் கேட்டவங்க அதோட உட்ருங்க." அந்த வரிசையில் அவள் சொன்ன ஒரே கெட்ட சேதி அதுதான். ரைட்டர் ஆண்டனி ராஜ் பேனாவை மூடி வைத்துவிட்டாராம். அத்தாயி சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டு நிமிராமல் நின்றாளாம்.

அந்த வெள்ளிக்கிழமை மறுபடியும் மேடேறினாள். எனக்குச் சொல்லவில்லை. போனில் நடையை எண்ணும் வசதி இருக்கிறது. அதில் பிறகு பார்த்தேன். பதினோராயிரத்து முந்நூற்று ஆறு.

சனிக்கிழமை மதியம் நெஞ்சு வலித்தது. பக்கத்து வீட்டு தேவசிகாமணி மாமா காரில் ஏற்றி மலையிறக்கிக் கொண்டுபோய்ச் சேர்த்தார். நான் நாலு மணிக்குச் சேலம் வந்தேன். அம்மாவின் பையையும் போனையும் என்னிடம் கொடுத்தார்கள். ஓயாமல் ஒலித்தது. சத்தத்தை நிறுத்தி என் பையில் போட்டேன்.

ஆறரை மணிக்கு, ஐந்து நிமிடம் மட்டும் உள்ளே விட்டார்கள். அம்மா விழித்திருந்தாள்.

"போன் எங்க கண்ணு? அத்தாயி ஏதாச்சும் சொன்னாளா?"

"ஒண்ணும் இல்லம்மா. தூங்கு."

பார்க்காமல் சொன்னேன்.

"ஒண்ணுமில்லியா" என்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். அதன்பிறகு என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை அடக்கம். பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள். வரிசைப் பெண்கள் எல்லோரும் கல்லறைத் தோட்டத்துக்கு வந்திருந்தார்கள். அத்தாயியும் வந்தாள். என்னிடம் ஏதோ கேட்க இரண்டு முறை பக்கத்தில் வந்து, ஆட்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

செவ்வாய்க்கிழமை, குழுவில் நன்றி சொல்லலாம் என்று அம்மாவின் போனைத் திறந்தேன். உச்சியில் குழு. அதற்குக் கீழே பல பெயர்கள் தாண்டி அத்தாயி. சனிக்கிழமை, மாலை ஐந்து ஐம்பத்திரண்டு. நாற்பத்தொரு விநாடி. கேட்கப்படாததற்கான குறி அப்படியே இருந்தது.

"டீச்சருங்களா, அத்தாயிங்க. அவரு சரின்னுட்டாருங்க. திங்கக்கெழம புள்ளய அனுப்பறனுங்க. யூனிபாரம் தொவச்சுப் போட்டன், இந்தப் பனியில காய மாட்டீங்குது, அடுப்புக்கிட்டப் போட்டிருக்கறன். பொக வாசம் அடிச்சா ஒண்ணும் சொல்லாதீங்க. நேத்து நீங்க நொம்ப மூச்சு வாங்குனீங்க. இனி மேல வராதீங்க டீச்சர், நானே வந்து கேட்டுக்கறன்." பிறகு பின்னால் ஒரு சின்னக் குரல்: "டீச்சருக்குக் கால்வலி போயிருச்சான்னு கேளும்மா."

ஐந்து ஐம்பத்திரண்டு. ஆறு முப்பது. இடையில் முப்பத்தெட்டு நிமிடம். பையின் ஜிப்பைத் திறந்தால் போதும்.

புதன்கிழமை அம்மாவின் வருகைப் பதிவேட்டைக் கொடுக்கப் பள்ளிக்குப் போனேன். சக்தி வந்திருந்தாள். சீருடையில் புகை வாசம் இருந்தது. மதியச் சாப்பாட்டு வரிசையில் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முட்டையை முதலில் தின்றாள். பிறகு சோறு.

நாலரைக்குக் கொட்டகைக்குப் போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. மருதாயி என்னைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தாயி சாக்கை இறக்கிவிட்டு வந்தாள்.

"ஏனுங்க, சனிக்கெழம நான் பேசி அனுப்புனத டீச்சரு கேட்டாங்களா?"

வரிசை நின்றுவிட்டது. ஆம் என்று சொல்லியிருக்கலாம். அவளால் சரிபார்க்க முடியாது.

"சக்தி இன்னிக்கு முட்டை முழுசா சாப்பிட்டா" என்றேன். "சாயங்காலம் வீட்டுக்கு வர்றேங்க."

அத்தாயியின் முகம் மாறியது. மருதாயி தலையைத் திருப்பிக்கொண்டாள். யாரும் மேலே கேட்கவில்லை.

மேடு செங்குத்து. சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன். எனக்கு வயது இருபத்தொன்பது, இதயத்தில் அடைப்பு எதுவும் இல்லை. அத்தாயி முன்னால் போய் ஒவ்வொரு முறையும் காத்திருந்தாள். வாசலில் வெள்ளையன் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டான். நான் உட்காரவில்லை.

"அம்மா கேக்கலீங்க" என்றேன். "போன் என் பையில இருந்துச்சு. அத்தாயி ஏதாச்சும் சொன்னாளான்னு கேட்டாங்க. நான் பாக்காமயே ஒண்ணும் இல்லைன்னுட்டேன்."

வெள்ளையன் கொட்டகை இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இவரு சரின்னது அன்னிக்குக் காத்தாலைங்க" என்றாள் அத்தாயி கடைசியில். "பழத்துக்குப் போற அவசரம். சாயங்காலம் பேசிக்கலாம்னு உட்டுட்டேன்."

"நான் ஒரு வாரம் முன்னாலயே சொல்லியிருக்கோணும்" என்றான் வெள்ளையன்.

சக்தி கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். இன்னும் சீருடையைக் கழற்றவில்லை. அத்தாயி அவளைப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"சோறு மிச்சம் வெச்சாளுங்களா?"

"பாதி வெச்சா."

"பேசுனாளா யாருகிட்டயாச்சும்?"

"பக்கத்துல உக்காந்த புள்ளகிட்ட. என்னன்னு தெரியல."

அத்தாயி தலையாட்டினாள்.

"நாளைக்கு யாருங்க பாத்துச் சொல்வாங்க?"

அம்மாவின் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. எனக்கு ஞாயிற்றுக்கிழமை வரைதான் லீவு. பள்ளி இருப்பது வியாழன், வெள்ளி.

"ரெண்டு நாளைக்கு நான் சொல்றேன்" என்றேன்.