காரியரில் உட்கார்ந்த துணை

அக்காவுக்குத் தென்காசிக்குப் போய் டைப்ரைட்டிங் படிக்க ஆசை. குற்றாலத்திலிருந்து தினமும் அப்பாவின் சைக்கிளிலேயே போய்வருகிறேன் என்று கேட்டாள். முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்ல அப்பாவுக்கு மனம் வரவில்லை. அதனால் ஒரு நிபந்தனை போட்டார். ஐந்தருவி மேட்டை நடுவில் ஒரு தடவைகூடக் காலூன்றாமல் ஏறிவிட்டால் போகலாம். இல்லையென்றால் அந்தப் பேச்சையே விட்டுவிட வேண்டும்.

அக்கா அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு மாதம் தோப்புக்குள் சுற்றிச் சுற்றி மிதித்தாள். செயினுக்குத் தேங்காயெண்ணெய் விட்டாள். தெம்புக்காகக் காலையில் ஊறவைத்த கொண்டைக்கடலை தின்றாள். எனக்கு அப்போது எட்டு வயது. அந்தக் கடலையில் பாதி என் வயிற்றுக்குள்தான் போயிற்று.

வயசுப்பெண்ணை அந்தப் பாதையில் தனியாக அனுப்ப முடியுமா? துணைக்கும் சாட்சிக்குமாக என்னைக் காரியரில் உட்காரவைத்து அனுப்பினார்கள்.

பாவாடை செயினில் சிக்காமல் தூக்கிச் செருகிக்கொண்டு, முதல் இரண்டு வளைவுகளைச் சீராக மிதித்து ஏறிவிட்டாள். எதிரே ஒருவர் சைக்கிளில் விறகு ஏற்றி, வேகம் மட்டுப்படப் பின்னால் ஒரு கிளையைக் கட்டி இழுத்தபடி இறங்கி வந்தார். ஏறுகிறவருக்கு இறங்குகிறவர் ஒதுங்கிக்கொள்வது அந்த மேட்டின் வழக்கம். அவரும் ஓரமாக நின்றார்.

"ஏலே, எறங்கி நடந்தா கொறஞ்சா போயிருவ? அக்கா எப்படி மூச்சு வாங்குதா பாரு."

பாதையோரமெல்லாம் குரங்குகள் உட்கார்ந்திருந்தன. எனக்குக் குரங்கென்றால் பயம். சீட்டு ஸ்பிரிங்கை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"இருக்கட்டும் அண்ணாச்சி, அவன் பயப்படுதான்" என்றாள் அக்கா.

கடைசி வளைவில் சைக்கிள் நின்றுபோயிற்று. அக்கா காலூன்றினாள். அருவியின் இரைச்சல் அங்கேயே கேட்டது.

வீட்டில் அப்பா என்னைத்தான் கேட்டார்.

"ஏலே, எறங்குனாளா?"

"எறங்கிட்டா."

பொய் சொல்லாத பெருமை எனக்கு. அப்பா சிரித்தார். அக்கா காரியரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மரத்துப்போயிருந்த என் காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த தையில் அவளை ராயகிரியில் கட்டிக்கொடுத்தார்கள். அதன்பிறகு அவள் சைக்கிள் மிதித்து நான் பார்க்கவில்லை.

வெகுகாலம் கழித்து, என் மகளைப் பின்னால் வைத்துக்கொண்டு அதே மேட்டில் ஏறினேன். கடைசி வளைவில் தொடை நடுங்கியது. மகளை இறங்கச் சொன்னேன், குதித்து இறங்கினாள். மறுகணமே சைக்கிள் லேசாகி மேலே ஏறிவிட்டது.

மேலே நின்று அழுதேன். அக்காவால் முடியவில்லை என்று அன்றைக்குத் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான்.